வாசலில் ஓர் எண்ணெய்க் குழி

திண்டிவனத்தில் அந்த நாளில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் வீட்டு வாசலில் குழி வெட்டி, அதற்குள் தானே இறங்கி, தன் காருக்குத் தானே கியர் ஆயில் மாற்றியவர் ஒரே ஒருவர். அவர் ஒரு பெண். பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. நேரில் பார்த்தால் ‘நர்ஸம்மா’ என்பார்கள். அவர் தலை மறைந்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.

நான் அப்போது மெட்ராஸ் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலையாக, அங்கேயே தங்கி இருந்தேன். இருபத்தாறு வயது. பங்குக்குப் பக்கத்திலேயே முதலாளியின் மச்சான் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ரோட்டைத் தாண்டினால் எதிர்த் தெருவின் முதல் வீடு நர்ஸம்மாவுடையது. பம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர் வீட்டு வாசலும் வேலியும் குழியும் முழுதாகத் தெரியும்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்வந்ததும் வண்டியை மயிலம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். சூடேறினால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகி, மிச்சமில்லாமல் இறங்கும். பிறகு குழிக்கு இரண்டு பக்கமும் சக்கரங்கள் வரும்படி கொண்டுவந்து நிறுத்துவார். வெள்ளைப் புடவைக்கு மேல் பழைய காக்கிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். கியர் பெட்டியின் அடியில் இருக்கும் திருகைக் கழற்றும் சத்தம் கேட்கும். அப்புறம் எனாமல் பேசினில் எண்ணெய் விழும் சத்தம். வடிந்து முடிந்ததும் பேசினை வெயிலில் வைத்து, ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். இரும்புப் பொடி நறநறக்கிறதா என்று பார்ப்பது அது. பார்த்த பிறகு பழைய எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வேலிக்கால்களின் அடியில் ஊற்றிவிடுவார். கறையான் ஏறாது. டிரைவர் காலடிப் பலகையைக் கழற்றிவிட்டு, புனல் வைத்துப் புது எண்ணெயை மேலிருந்து ஊற்றுவார். காரோடு வந்த சின்ன இங்கிலீஷ் புத்தகத்தில் எத்தனை மைலுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருந்ததோ, அதில் பாதி தூரம் ஓடியதுமே மாற்றிவிடுவார்.

தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். ஒருநாள் கூட்டத்தில் ஒருவன், “கொழந்த எடுக்கற கையி, இப்ப காருக்குப் பிரசவம் பாக்குதுடோய்!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். குழிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“இது சத்தம் போடாம இருக்குதுப்பா. உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப நீ வெளிய நின்னு போட்ட சத்தத்துல பாதிகூட போடல.”

அப்போதும் சிரித்தார்கள். ஆனால் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் பிறந்தது கண்டமங்கலம் பக்கம் ஒரு சேரியில். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டார். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா, ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கறுப்புக் காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அது ஐம்பதுகளின் கடைசி. அதுவரை சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தவர் காரில் போக ஆரம்பித்ததும் ஊருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சைக்கிளில் போனவரைச் சகித்துக்கொண்ட ஊர் அது.

காருக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. ஊரில் பெரிய வீடுகளில் பிரசவத்துக்குக் கூப்பிட்டால், கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் அவர் வரவேண்டும். ரொம்ப நாளாக அப்படித்தான் நடந்தது. கார் வந்த பிறகு ஒரு பெரிய வீட்டின் முன்வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை ஓடிவந்து, “சந்துப் பக்கம் வாம்மா” என்றார்.

“சந்துல வண்டி நுழையாதுங்க.”

“வண்டி இங்கியே நிக்கட்டும். நீ நடந்து வா.”

“வண்டி எங்க நிக்குதோ அங்கதான் நான் எறங்கறது. உள்ள போவணுமா, திருப்பிக்கினு போவணுமா, கேட்டுக்கினு வாங்க. நேரமிருக்குது, நான் இருக்கேன்.”

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். முன்வாசல் திறந்தது. இதை அந்தக் கணக்குப்பிள்ளையே பங்கில் வந்து, ஏதோ உலகம் அழியப்போகிறது என்பதுபோலச் சொன்னார்.

யாராவது எதையாவது மறுத்தால் நர்ஸம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “முடியாதா, மாட்டியா?” முடியாது என்றால் பேசாமல் திரும்பிவிடுவார். மாட்டேன் என்றால், அந்த வேலையைத் தானே செய்ய வழி தேடுவார். கார் ஓட்ட டிரைவர்கள் யாரும் அவரிடம் வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். கியர் ஆயில் மாற்றக் கற்றதும் அப்படித்தான். ஆனால் அதற்குள் ஓர் உயிர் போய்விட்டிருந்தது.

ஒரு வருஷம் அவருடைய வண்டி இரண்டாவது கியரில் ஊளையிட ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டார். முதலாளியின் மச்சான், “பொம்பள ஓட்டினா கியரு அழத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு வண்டியை வாங்கிக்கொண்டார். மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. நர்ஸம்மாவே ஆச்சரியப்பட்டார். இரண்டு மாதம் வண்டி பூனை மாதிரி ஓடியது.

திருவக்கரைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, நட்டநடு ரோட்டில் கியர் எதிலும் விழாமல் இறுகிப்போனது. பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மூன்று மைல் நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது தாய்க்கு நினைவு இருந்தது. குழந்தைக்கு மூச்சு இல்லை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று அந்த வீட்டார் யாரும் சொல்லவில்லையாம். அவர்தான் சொல்லியிருக்கிறார். காரை மாடு பூட்டி இழுத்துவந்த வண்டிக்காரர் எங்களிடம் சொன்னது இது.

காரை ஒர்க்‌ஷாப் வாசலில் விடப்போகிறார் என்றுதான் நினைத்தோம். வண்டிக்காரரிடம் நேராக வீட்டுக்கே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துத் தானே குழி வெட்டினார். மார்பளவு ஆழம். மாலைக்குள் வெட்டி முடித்து, அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி அதன்மேல் நிறுத்தினார். புத்தகத்தைக் குழியின் விளிம்பில் விரித்து வைத்துக்கொண்டு, அடித் திருகைக் கழற்றினார்.

எண்ணெய் இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகு, கேப்பைக் களி மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது. மரத்தூள். கியரின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க எண்ணெயில் மரத்தூளைக் கலந்து திணித்திருந்தார்கள்.

அந்த பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். ஒர்க்‌ஷாப்பில் லாரிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மச்சானுக்கு முன்னால் இருந்த மேஜைமேல் பேசினை வைத்தார்.

“இது இன்னா?”

“சத்தம் வரக்கூடாதுன்னீங்க. வரலியே, அப்புறம் இன்னா?” என்றார் மச்சான்.

“ஆமா, வரல. அந்தக் கொழந்தைக்கும் சத்தம் வரல,” என்றார் நர்ஸம்மா. லாரிக்காரர்களைப் பார்த்து, “உங்க வண்டியையும் ஒருதடவ தொறந்து பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசின் அங்கேயே இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு லாரிகள் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போயின.

அதன் பிறகுதான் என் வெட்கக்கேடு. மச்சானுக்கு ஆன அவமானம் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “பெட்ரோல் போடு, அது இல்லேன்னு சொல்ல முடியாது. கியர் ஆயில் கேட்டா இல்லேன்னு சொல்லு” என்று எனக்கு உத்தரவு. கியர் பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி முடித்துவிட்டு, மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்து ஆயில் கேட்டார்.

“இல்லீங்கம்மா,” என்றேன்.

“முடியாதா, மாட்டியா?”

“முடியாதுங்கம்மா. சரக்கு வரல.”

என் தலைக்குப் பின்னால் அலமாரியில் ஆறு டின்கள் வரிசையாக இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சரி தம்பி,” என்றார். முடியாது என்று சொன்னவனிடமிருந்து திரும்பிப் போவதுபோலவே திரும்பிப் போனார். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய், அங்கே கடைத்தெருவில் ஒரு டின் வாங்கி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் விழுப்புரம்தான்.

குழி அப்படியே இருந்தது. வாசலில் குழி வெட்டி வைத்திருப்பது தெருவுக்கே ஆகாது என்று யாரோ எழுதிப்போட, நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார்.

“மூடிடுங்கம்மா. பொணக்குழி மாதிரி இருக்குதுன்னு ஜனங்க சொல்றாங்க.”

“குப்பைக்குழி வெட்டலாமாங்க?”

“வெட்டலாம்.”

“கக்கூசுக்குழி?”

“அதுவும்தான்.”

“அப்ப இதுல மட்டும் இன்னா பேஜாரு? பொணக்குழி மாதிரி தெரியறவங்களை ஞாயித்துக்கிழம வரச்சொல்லுங்க. உள்ள எறங்கி, உயிரோட வெளிய வர்றேன், பாக்கட்டும்.”

வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். குழிக்குப் பலகை போட்டு மூடிவைக்கச் சொன்னதோடு சரி.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. என் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் ஊர் பிரம்மதேசத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பங்குக்கு வந்தார். சட்டை முழுதும் வேர்வை.

“ஒந்தங்கச்சிக்கு விடியக்காலத்துலருந்து வலி. மருத்துவச்சி கை வச்சிப் பாத்துட்டு, கால்தான் தட்டுப்படுது, என்னால ஆவாதுன்னு போயிட்டா. ஜல்தி யாரையாவது இட்டுக்கினு வா.”

யாரை என்று யோசிக்க ஒன்றுமில்லை. ரோட்டுக்கு எதிரே நர்ஸம்மாவின் கார் குழிமேல் நின்றிருந்தது. ஓடினேன். அவர் குழிக்குள் நின்று அடித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய் வேலிக்காலுக்குப் போய்விட்டது. புது டின்னைத் திறந்து குழியின் விளிம்பில் வைத்திருந்தார். நான் ஓடிப்போன வேகத்தில் என் கால் அதன்மேல் பட்டது. டின் உருண்டது. நான் குனிந்து நிமிர்த்துவதற்குள் பாதி மணலில் கொட்டிவிட்டது; மிச்சத்திலும் மணல் விழுந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்தார். “இன்னா விஷயம்?” என்றார்.

சொன்னேன்.

“கால் தட்டுப்படுதா? தண்ணி ஒடஞ்சிதா?”

“தெரியலீங்கம்மா. வாங்கம்மா, ஜட்கா வச்சிக்கினு போயிடலாம்.”

“ஜட்கா போயி சேர சாயங்காலம் ஆயிடும். வண்டி இருக்குது. ஆயில்தான் இல்ல,” என்றார். அப்புறம் தலையைத் திருப்பி, ரோட்டுக்கு எதிரே பங்கைப் பார்த்தார். அவ்வளவுதான். கேட்கவில்லை.

நான் திரும்பி ஓடினேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்தேன்.

“யாருக்குடா அது?”

“நர்ஸம்மாவுக்குங்க. என் தங்கச்சிக்கு...”

“அதுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? வச்சிடு. எடுத்துக்கினு போனா திரும்பி இங்க வராத.”

“வரலீங்க,” என்றேன். அதைச் சொல்ல இரண்டு வருஷமும் ஒரு தங்கையின் உயிரும் தேவைப்பட்டன என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல்.

நர்ஸம்மா அவசரப்படவில்லை. புனலை வைத்து நிதானமாக ஊற்றினார். கெட்டி எண்ணெய், இழுத்து இழுத்து இறங்கியது. எனக்கு உயிர் போயிற்று.

“போதும்மா. பாதி போனா போதாதா? கெளம்பலாம்.”

“சும்மா இருப்பா. வண்டி நின்னுட்டா நடக்கணும். நடந்து போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்.”

அளவுக்கம்பியை விட்டுப் பார்த்து, பலகையைத் திரும்பப் பொருத்தினார். பிறகு மண்ணெண்ணெயில் கை கழுவினார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். நகத்தை பிரஷால் தேய்த்து மறுபடியும் கழுவினார். மூன்றாவது தடவையும் கழுவி, கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்த பிறகுதான் பையைத் தொட்டார்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றபோது அம்மா நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். நர்ஸம்மாவைப் பார்த்தாள். யார், எந்த ஊர் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் பற்றித் தெரியும்.

“கொல்லப்பக்கமா இட்டுக்கினு வாடா. கெணத்தாண்ட வழி இருக்குதில்ல,” என்றாள் என்னிடம்.

நர்ஸம்மா செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டார். பையைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே தங்கை அலறுவது கேட்டது.

“தம்பி, இது யாரு வீடு?”

“எங்க வீடுங்கம்மா.”

“அப்ப நீ சொல்லு. ஜல்தி சொல்லு, உள்ள ஒரு பொண்ணு கத்துது.”

இத்தனைக்கும் நான் அவர் வீட்டில் அதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவனில்லை. அந்த நிமிஷம் அது எனக்கு ஞாபகம் வந்தது. “கைய எடும்மா,” என்று அம்மாவிடம் சொன்னேன். எடுக்கவில்லை. நானே அம்மாவின் கையைப் பிடித்து நிலையிலிருந்து விலக்கினேன். நர்ஸம்மா எங்கள் முன்வாசல் வழியாக உள்ளே போனார்.

இரண்டு மணி நேரம். நான் வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா உள்ளே வெந்நீரும் துணியுமாக ஓடிக்கொண்டிருந்தாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொள்ளும்படி நர்ஸம்மா அதட்டுவது கேட்டது. அம்மா “இதோங்க, இதோங்க” என்று பதில் சொல்வதும் கேட்டது. கால் முதலில் வந்த பெண் குழந்தை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நர்ஸம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து, முதுகில் தேய்த்து, வாயைத் துடைத்து என்னென்னவோ செய்திருக்கிறார். அப்புறம் அழுதது. தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “ரெண்டு உசுரக் காப்பாத்தினம்மா. எங்க கொலசாமி மாதிரி வந்தம்மா” என்று கண்ணீர் விட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பங்கில் கிடந்த என் சைக்கிளையும் துணிமணியையும் எடுத்துவர நானும் காரில் ஏறிக்கொண்டேன். தெரு முனை திரும்பும்போது நர்ஸம்மா மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா குடத்தில் சாணித்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, நிலைப்படியையும் நடையையும் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “எங்கம்மா, அவங்க பழைய காலத்து...” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு,” என்றார். ரிவர்ஸ் கியரைப் போட்டார். ஒரு சத்தமில்லாமல் விழுந்தது. வந்த வழியே, தெரு முழுதும், பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நர்ஸம்மா செருப்பைக் கழற்றினார். ஈரச் சாணித் தரையில் காலை அழுத்தி அழுத்தி வைத்து உள்ளே போனார். குழந்தையின் தொப்புள் கட்டைப் பிரித்துப் பார்த்தார். திரும்பக் கட்டினார். அதே வழியில் நடந்து வெளியே வந்தார். போன அடிகளும் வந்த அடிகளும் நடையில் பச்சையாகப் பதிந்து கிடந்தன.

“தர ஈரமா இருக்குதுங்க,” என்றார் அம்மாவிடம். “பெத்தவ எழுந்து நடந்தா வழுக்கும். பாத்துக்குங்க. தொப்புள் விழற வரைக்கும் தெனம் வந்து பாக்கணும். பத்து நாள் வர்றேன்.”

சொன்னபடி தினமும் வந்தார். தினமும் கார் முன்வாசலில் நின்றது. எனக்கு வேலை இல்லாததால் பத்து நாளும் வீட்டிலிருந்து பார்த்தேன். முதல் மூன்று நாள் அவர் போனதும் அம்மா கழுவினாள். நாலாம் நாள் கழுவவில்லை. மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இடுப்பு வலியாகக்கூட இருந்திருக்கலாம். ஒன்பதாம் நாள் தொப்புள் விழுந்தது. பத்தாம் நாள் வந்து பார்த்து, புண் ஆறிவிட்டது, இனிமேல் வரவேண்டியதில்லை என்று அவரே சொன்னார்.

பதினோராம் நாளும், பார்க்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லாமலேயே, எங்கள் முன்வாசலில் அவர் காரின் ஹாரன் சத்தம் கேட்டது.